இரவு மலிவுக் கட்டணத்துக்கு மாறினால் கரண்ட் பில் குறையுமா? (திருகோணமலை, த்ரீ பேஸ் வீடு)

உவர்மலை வீடு

வணக்கம். நேரத்துக்கு நேரம் யூனிற் விலை மாறும் நேர அடிப்படைக் கட்டணம் பற்றி விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வீடு உவர்மலையில். த்ரீ பேஸ் 30 அம்பியர் இணைப்பு, வீட்டுப் பாவனைக் கட்டணம். மாதம் 370 முதல் 400 யூனிற் வரை போகிறது. 12,000 பிடியு இன்வேட்டர் ஏசி ஒன்று, 9,000 பிடியு ஒன்று, 30 லீற்றர் கீசர், 1 குதிரைவலு வோட்டர் மோட்டர், பிறிட்ஜ் இரண்டு, வோஷிங் மெசின். சமையல் காஸில்தான். மின்சாரக் கார் எடுக்கும் யோசனையும் இருக்கிறது.

பின்னேரத்தில் இருந்து விடியும் வரை யூனிற் மலிவு என்று ஒருவர் சொன்னார். அது சரிதானா? எங்களைப் போன்ற வீட்டுக்கு மாறுவது லாபமா? மாறினால் வயரிங்கில் எதையும் மாற்ற வேண்டி வருமா?

மீற்றர் பெட்டி

அந்த "பின்னேரத்தில் இருந்து" என்ற கதையை நம்பி விண்ணப்பம் கொடுத்து விடாதீர்கள். உண்மை நேர் எதிர். இலங்கையின் வீட்டு நேரக் கட்டணத்தில் ஒரு நாள் மூன்றாகப் பிரிகிறது. காலை 5.30 முதல் பின்னேரம் 6.30 வரை பகல். 6.30 முதல் இரவு 10.30 வரை பீக். 10.30 முதல் காலை 5.30 வரை ஓஃப் பீக். மலிவு என்பது கடைசி ஏழு மணித்தியாலம் மட்டும். விளக்கேற்றும் நேரம் தொடங்கிப் படுக்கப் போகும் வரை உள்ள நாலு மணித்தியாலமும்தான் ஆக விலை கூடியது. ஞாயிறு, போயா என்று விதிவிலக்கு எதுவும் இல்லை.

காரணம் எளிது. நாடு முழுக்க வீடுகள் ஒரே நேரத்தில் லைட், டிவி, அயன், ரைஸ் குக்கர் எல்லாம் போடுவது அப்போதுதான். சூரியன் இறங்கியபின் சோலார் எதுவும் கைகொடுக்காது. எண்ணெயில் ஓடும் நிலையங்களை ஏற்ற வேண்டி வருகிறது. சம்பூரில் 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்த 120 மெகாவாற் சோலார் திட்டம் முழுதாக ஓடினாலும், பற்றரி இல்லாமல் அது பகல் கதைதான். இரவு எட்டு மணிக்கு அதனால் ஒரு பல்ப் எரியாது.

இனிக் கணக்கு. விலைகள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் இரண்டு அட்டவணையும் பல வருடம் அசையாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்த காலத்தை வைத்தே வழியைக் காட்டுகிறேன். அதாவது 2022 ஆகஸ்ட் 10 அன்று பெரிய கட்டண உயர்வு வருவதற்கு முன் இருந்தவை. நீங்கள் செய்யும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கடைசிக் கட்டண அறிவித்தலில் உள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வழி மாறாது.

சாதாரணப் படிமுறைக் கட்டணத்தில் 60 யூனிற்றுக்கு மேல் போகும் வீட்டுக்கு முதல் 60 யூனிற் 7.85 ரூபா, 61–90 வரை 10 ரூபா, 91–120 வரை 27.75, 121–180 வரை 32, அதற்கு மேல் ஒவ்வொன்றும் 45. 180க்கு மேல் போகும் வீட்டுக்கு நிலையான கட்டணம் 540. நேரக் கட்டணத்தில் பகல் 25, பீக் 54, ஓஃப் பீக் 13. நிலையான கட்டணம் அதே 540.

பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம் இது: 45 ரூபாவையும் 13 ரூபாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிட முடியாது. படிமுறையில் உங்கள் முதல் 180 யூனிற்றும் சலுகை விலையில் வருகின்றன. அந்த 180க்கும் 45 ரூபா போட்டால் 8,100 ரூபா. உண்மையில் நீங்கள் கட்டுவது 3,523.50. ஆக 4,576.50 ரூபா சலுகை ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. நேரக் கட்டணத்துக்குப் போன அன்றே அது போய்விடும். புதிய கட்டணம் முதலில் அந்த 4,576.50 ரூபாவை ஈடு செய்ய வேண்டும், பிறகுதான் லாபம்.

எத்தனை யூனிற்றில் ஈடாகும் என்பது, பீக்கில் எத்தனை வீதம் பாவிக்கிறீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது. பீக் 25, பகல் 45, ஓஃப் பீக் 30 வீதம் என்றால் சராசரி யூனிற் 28.65 ரூபா. 45இல் இருந்து அதைக் கழித்தால் 16.35. சலுகைத் தொகையை அதனால் வகுத்தால் 280 யூனிற். மாதம் 280க்கு மேல் போகும் வீட்டுக்கு லாபம், கீழே நட்டம். அதே வீடு பீக்கில் 40 வீதம், பகலில் 40, ஓஃப் பீக்கில் 20 என்று பாவித்தால் சராசரி 34.20 ஆகி, ஈடாகும் புள்ளி 424 யூனிற்றுக்கு ஏறிவிடும். உங்கள் 370–400 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அளந்து பார்க்காமல் ஆம், இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

அளப்பதற்குப் புதிய மீற்றர் தேவையில்லை. இப்போது இருப்பதையே ஒரு கிழமை காலை 5.30, பின்னேரம் 6.30, இரவு 10.30 என்று மூன்று தரம் படம் எடுங்கள். போன் நேரத்தையும் சேர்த்துப் பதிந்துவிடும். ஐந்து பத்து நிமிடம் பிந்தினால் பரவாயில்லை. பீக்கின் இரு முனையிலும் மட்டும் நேரம் தவற விடாதீர்கள், கணக்கே அங்கேதான் இருக்கிறது. விருந்தாளிகள் வரும் கிழமை, கரண்ட் நிற்கும் கிழமை வேண்டாம்.

இன்னொன்று. படிமுறை எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. மீற்றர் பார்க்க 33 நாள் ஆகியிருந்தால் 180 என்பது 198 ஆகக் கூடும். பழைய பில்லை வைத்து ஒப்பிடும்போது நாட்களைக் கவனியுங்கள். வரி இரண்டு பில்லிலும் ஒரே வீதத்தில் ஏறுவதால் எது மலிவு என்ற முடிவை அது மாற்றாது, விட்டுவிடலாம்.

கிண்ணியா பாலத்தடி

மேலே சொன்னது சரி. நம்மட பக்கத்து வீடுகளுக்கு ஒரு விசயம் சேர்த்துக்கொள்ளுங்க. நோன்பு மாசத்தில கணக்கு வேற மாதிரி வரும். மாசி, பங்குனியில மஃரிப் (நோன்பு திறக்கிற நேரம்) 6.15, 6.20 அளவில. நோன்பு திறக்கிற சாப்பாட்டு வேலை முழுக்கப் பகல் விலையில முடிஞ்சிடும். விடிய முதல் சாப்பிடுற சஹர் சமையல் ஓஃப் பீக்கில விழும். ரைஸ் குக்கர், இண்டக்சன் அடுப்பு பாவிக்கிற வீட்டுக்கு இது நல்ல லாபம். ஆனா இரவு தறாவீஹ் தொழுகை நேரத்தில ஏசியும் லைட்டும் ஓடினா அதெல்லாம் பீக்தான். அதனால அளக்கிற கிழமையை நோன்பில எடுத்து வருசம் முழுக்கப் பெருக்கிடாதீங்க.

உவர்மலை வீடு

நன்றி அண்ணை. ஒரு கிழமை எழுதி வைத்தேன். ஏழு நாளில் பகல் 36 யூனிற், பீக் 28, ஓஃப் பீக் 26. மொத்தம் 90. வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் நேரம், ஏசி இரண்டும் ஒன்பது மணிக்கே போடுகிறோம். 30 நாளுக்குப் பெருக்கினால் 386 அளவில் வருகிறது. இப்ப என்ன சொல்லுறீங்கள்?

மீற்றர் பெட்டி

பழைய விலைகளிலேயே போடுகிறேன். 36 பெருக்கல் 25, அது 900. 28 பெருக்கல் 54, அது 1,512. 26 பெருக்கல் 13, அது 338. ஒரு கிழமைக்கு 2,750 ரூபா, சராசரி 30.56. மாதத்துக்கு 11,786. படிமுறையில் அதே யூனிற்றுக்கு 12,781. நிலையான கட்டணம் இரண்டிலும் ஒன்று. வித்தியாசம் மாதம் 995 ரூபா, நேரக் கட்டணத்தின் பக்கம். உங்கள் ஈடாகும் புள்ளி 317 யூனிற்.

இதோடு நிறுத்தினால் "மாறுங்கோ" என்று சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் அளந்தது கச்சான் காலத்தில். திருகோணமலையில் கார்த்திகை தொடங்கித் தை வரை மழை, ஏசி படுத்துவிடும். குறைவது எது? பெரும்பாலும் பீக் அல்லாத நேர யூனிற்தான். லைட், டிவி, அயன், கீசர் அப்படியே பீக்கில் நிற்கும். கீசர் இன்னும் கூடும். மொத்தம் 280க்கு இறங்கி, பீக் 37, பகல் 40, ஓஃப் பீக் 23 வீதம் ஆகிறது என்று வையுங்கள். நேரக் கட்டணம் 9,232, படிமுறை 8,024. மாதம் 1,208 ரூபா நட்டம். வெயில் மாதங்களில் சேர்த்ததை மழை மாதங்கள் திருப்பி வாங்கிவிடும். ஆகவே மழைக் காலத்திலும் ஒரு கிழமை அளவு வேண்டும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் கடந்த டிசம்பர், ஜனவரி பில்களில் மொத்த யூனிற்றைப் பாருங்கள். உங்கள் புள்ளி 317க்குக் கீழே எத்தனை மாதம் போயிருக்கிறது என்று எண்ணினால் ஓரளவு தெரியும். உண்மையில் மழை மாதங்களில் பீக் வீதம் ஏறுவதால் புள்ளியும் 317ஐ விட மேலே போகும்.

நிலைமையை மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று பீக்கில் இருந்து யூனிற்றை நகர்த்துவது. இரண்டு கார்.

நகர்த்துவதில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திரிய வேண்டாம். வோட்டர் மோட்டரைப் பலர் பெரிய எதிரியாக நினைக்கிறார்கள். 1 குதிரைவலு மோட்டர் வாங்குவது ஏறத்தாழ 1.1 கிலோவாற். கிணற்றில் இருந்து 1,000 லீற்றர் தாங்கி நிரம்ப 20, 25 நிமிடம். அரை யூனிற்கூட இல்லை. அதைக் காலையில் போட்டால் போதும், அதற்காக அலாரம் வைத்து எழும்பத் தேவையில்லை. பிறிட்ஜை நகர்த்தவே முடியாது. அதன் பாவனையில் ஆறில் ஒரு பங்கு பீக்கில் விழும், விட்டுவிடுங்கள். கைவைக்க வேண்டியவை ஏசி, கீசர், அயன், வோஷிங் மெசின்.

கீசர்: 30 லீற்றர் தண்ணீரை 28 பாகையில் இருந்து 60க்கு ஏற்ற 1.1 யூனிற் வேண்டும், 1.5 கிலோவாற் ஹீற்றருக்கு முக்கால் மணித்தியாலம். காலை 4.30க்குப் போட்டு 5.20க்கு நிறுத்தினால் காலைக் குளிப்பு முழுக்க ஓஃப் பீக்கில். இரவு ஏழு மணிக்குக் குளிப்பவர்கள் இருந்தால் பின்னேரம் 5.30க்குச் சூடாக்கி வையுங்கள். காப்பிட்ட தாங்கி, ஒரு மணித்தியாலத்தில் அதிகம் ஆறாது. (இந்த ஊரில் இரவுக்குச் சுடுதண்ணீர் எதற்கு என்பது தனிக் கேள்வி.)

ஏசி: ஒன்பது மணிக்கு இரண்டையும் போடுவதற்குப் பதில், 10.30 வரை எல்லோரும் ஒரு அறையில் இருங்கள். இரண்டாவது அறையை 10.30க்குப் போடுங்கள். அறை சூடாக இருக்கும்போது தொடங்கும் முதல் ஒரு மணித்தியாலம்தான் இன்வேட்டர் முழு வலுவில் ஓடும். 9,000 பிடியு 0.8 கிலோவாற் அளவில் இழுக்கும். குளிர்ந்தபின் அதில் பாதிக்கும் கீழே. அந்த முதல் மணித்தியாலத்தை மலிவு நேரத்துக்குள் தள்ளுவதுதான் முழு விஷயமும். பீக் தொடங்க முதல் அறையைக் குளிரவைத்து மூடி வைக்கலாமே என்பார்கள். கொங்கிறீற் தட்டுக் கூரை வீட்டில் அது பலிக்காது. பகல் வாங்கிய வெயிலை அந்தத் தட்டு இரவு ஒன்பது, பத்து வரை கீழே விட்டுக்கொண்டே இருக்கும்.

இப்படி நாளுக்கு 1.2 யூனிற்றைப் பீக்கில் இருந்து ஓஃப் பீக்குக்குத் தள்ள முடிந்தால் மாதம் 36 யூனிற். ஒவ்வொன்றிலும் 41 ரூபா. மொத்தம் 1,476. படிமுறைக் கட்டணத்தில் இதே சிரமத்துக்கு ஒரு சதமும் கிடையாது. உங்கள் வீட்டில் இதைச் செய்ய ஆட்கள் ஒத்துக்கொள்வார்களா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். படிக்கிற பிள்ளைகளை இருட்டில் இருத்தச் சொல்லவில்லை. எல்ஈடி லைட் ஆறு, ஏழு எரிந்தாலும் அது சின்னக் காசு.

கார் வந்தால் விவாதமே முடிந்தது. மாதம் 150 யூனிற் சார்ஜ் என்றால் அதே பழைய விலையில் படிமுறையில் 6,750 ரூபா கூடும். ஓஃப் பீக்கில் 1,950. இந்த ஒன்றிலேயே 4,800 வித்தியாசம்; மேலே சொன்ன 4,576.50 சலுகை இழப்பை அது தனியாகவே தின்றுவிடும். யூனிற்றுக்கு 6 கிலோமீற்றர் ஓடும் கார் என்று வைத்தால், சார்ஜ் ஏற்றுவதில் பத்து வீதம் வீணாவதைக் கழித்து 800 கிலோமீற்றர் சொச்சம். அதைவிடக் குறைவாக ஓடுபவர் அதற்கேற்ப விகிதம் போடலாம்.

வயரிங் வேலை

மாறும்போது வயரிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் த்ரீ பேஸ் ஏற்கெனவே இருப்பதால் பாதி வேலை முடிந்தது. வீட்டு நேரக் கட்டணம் த்ரீ பேஸ் 30 அம்பியரும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்கென்றே அறிமுகமானது. சிங்கிள் பேஸ் வீட்டுக்காரர் இதைப் பார்த்து மாற நினைத்தால் இணைப்பை உயர்த்தும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த மதிப்பீட்டைக் கையில் வாங்காமல் எலக்ட்ரிசியனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பிரதேச மின்சார அலுவலகத்துக்குப் போகும்போது கடைசிப் பில், அடையாள அட்டைப் பிரதி, இணைப்பு உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் கடிதம். பில்லில் உள்ள கணக்கு இலக்கம் கட்டாயம். அங்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: மீற்றர் மாற்றத்துக்கு எவ்வளவு, திரும்பப் படிமுறைக்கு வர வேண்டுமானால் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கினால் நல்லது.

புதிய மீற்றர் மூன்று நேரத்தையும் தனித்தனிப் பதிவில் எழுதும். திரையில் எண்கள் மாறி மாறி ஓடும். 1.8.0 மொத்தம். 1.8.1, 1.8.2, 1.8.3 மூன்றும் நேரப் பதிவுகள். எது பீக் என்று ஊகிக்க வேண்டாம். இரவு எட்டு மணிக்கு அயனைப் போட்டுவிட்டு எந்தப் பதிவு ஏறுகிறது என்று பாருங்கள், அதுதான் பீக். 0.9.1 மணி, 0.9.2 திகதி. இந்த மணியை மாதம் ஒருமுறை போனோடு ஒப்பிடுங்கள். மீற்றர் மணிக்கூடு அரை மணித்தியாலம் பிந்திப் போனால் 10.30 முதல் 11 வரை நீங்கள் ஓட்டும் ஏசி பீக் கணக்கில் ஏறும். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். பிழை கண்டால் படம் எடுத்து, மின்சார முறைப்பாட்டுத் தொலைபேசி 1987க்கு அறிவித்து முறைப்பாட்டு இலக்கம் வாங்கி வையுங்கள்.

வீட்டுக்குள் மூன்று பேஸிலும் சுமையைச் சமமாகப் பிரித்தால் பில் குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. குறையாது. மீற்றர் மூன்றையும் கூட்டித்தான் எழுதும். பிரிப்பது வேறு காரணத்துக்கு. ஒரு பேஸில் 30 அம்பியர் என்பது 6.9 கிலோவாற். 10.30 அடித்தவுடன் ஏசி இரண்டு, வோஷிங் மெசின், கார் சார்ஜர் எல்லாம் ஒரே பேஸில் எழும்பினால் பிரேக்கர் விழும். நேரக் கட்டணத்துக்கு மாறிய வீடுகளில் புதிதாக வரும் பிரச்சினை இதுதான், முன்பு பரவிக் கிடந்த சுமை ஒரே நிமிடத்தில் குவிகிறது. ரைமர்களைப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் வையுங்கள். முதலாவதை 10.30க்கு வைக்காமல் 10.40க்கு வையுங்கள், மணிக்கூட்டு வித்தியாசத்துக்கும் அது பாதுகாப்பு.

ரைமர் பற்றி: கரண்ட் போய் வந்தால் நேரம் மறக்காத, உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் ரைமர் வாங்குங்கள். பற்றரி இல்லாதது ஒருநாள் கரண்ட் நின்றால் நள்ளிரவு பன்னிரண்டில் இருந்து எண்ணத் தொடங்கி, கீசரைச் சரியாகப் பீக்குக்குள் கொண்டுவந்து விடும். கீசருக்கு 16 அம்பியர் ரைமர் நேரடியாகப் போதும். மோட்டருக்கு நேரடியாகப் போடக்கூடாது, தொடக்க இழுவையில் உள்ளே தொடுபுள்ளி ஒட்டிக்கொள்ளும். கொன்ராக்ரர் (பெரிய இழுவையைத் தாங்கும் காந்தச் சுவிட்ச்) ஒன்றின் ஊடாகக் கொடுங்கள். ஏசியை வெளி ரைமரால் வெட்டவே வேண்டாம். அதன் ரிமோட்டில் உள்ள ரைமரைப் பாவியுங்கள்.

நியூற்றல், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பு வயர். இதை மட்டும் பெரிய எழுத்தில் போட வேண்டும். த்ரீ பேஸில் மெயின் நியூற்றல் தளர்ந்தால் 230 வோல்ற் வர வேண்டிய பிளக்கில் 300, 350 கூட வரலாம். டிவி, பிறிட்ஜ், ரவுட்டர் ஒரே தரத்தில் போய்விடும். உப்புக் காற்று அடிக்கும் நம் ஊரில் அலுமினியச் சேவிஸ் வயரும் செம்பும் சேரும் இடம் பச்சை பிடித்து அரிக்கும். மீற்றருக்கு இந்தப் பக்கம் உள்ள முனைகளை எலக்ட்ரிசியன் வருடத்துக்கு ஒருமுறை மெயினை நிறுத்தி இறுக்கிப் பார்க்க வேண்டும். மீற்றர் பக்க சீல் உங்களுடையதல்ல, அதைத் தொடக்கூடாது. கூடக் குறைய வோல்ற்றேஜ் வந்தால் வெட்டும் ரிலே ஒன்றை மெயின் போர்ட்டில் போடுவது கார் சார்ஜருக்கு முதல் செய்ய வேண்டிய செலவு.

மின் கசிவு வந்தால் வெட்டும் ரிப் சுவிட்ச் நாலு முனை, 40 அம்பியர், கசிவு எல்லை 30 மில்லி அம்பியர். ஒரே ரிப் சுவிட்சில் வீடு முழுக்கத் தொங்கினால் கீசர் கசிவுக்கும் பிறிட்ஜ் நிற்கும். கீசருக்கும் வெளிப் பிளக்குகளுக்கும் தனி.

நிலாவெளி றோட்

கார் சார்ஜர் பற்றி ஒரு குறிப்பு. 7.4 கிலோவாற் சார்ஜர் ஒரே பேஸில் 32 அம்பியர் இழுக்கும். உங்கள் 30 அம்பியருக்கு அது தாங்காது. விற்பவர் தலையாட்டுவார், மெயின் பிரேக்கர் தலையாட்டாது. சார்ஜரின் அமைப்பில் 16 அம்பியருக்குக் குறைத்து வையுங்கள். 3.7 கிலோவாற் வீதம் ஓஃப் பீக் ஏழு மணித்தியாலத்தில் 25 யூனிற்றுக்கு மேல் ஏறும். ஒவ்வொரு இரவும் அது தேவைப்படும் வீடு இந்த ஊரில் அரிது.

சாதாரண 13 அம்பியர் பிளக்கில் ஏழு மணித்தியாலம் தொடர்ந்து சார்ஜ் ஏற்றுவதுதான் ஆபத்து. பிளக் உருகும், கறுக்கும். தனி லைன், 6 சதுர மில்லிமீற்றர் வயர், தனிப் பிரேக்கர். ரிப் சுவிட்ச் வாங்கும்போது கார் சார்ஜருக்கு என்று சொல்லி வாங்குங்கள். நேர் மின் (டிசி) கசிவு வந்தால் சாதாரண ரிப் சுவிட்ச் விழாமலே இருந்துவிடும்.

அறைகளை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடும் வீடுகள் இந்தக் கணக்கைப் பார்த்து மாற வேண்டாம். அந்தப் பாவனைக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தாது. சுற்றுலா அதிகாரசபையில் பதிந்தவர்களுக்கு ஹோட்டல் பிரிவு இருக்கிறது, அதில் கேளுங்கள்.

பாலையூற்று

கூரையில் சோலார் போட்டு நெற் மீற்றறிங்கில் இருப்பவர்களுக்கும் இது ஒத்து வருமா?

மீற்றர் பெட்டி

பெரும்பாலும் இல்லை. நெற் மீற்றறிங்கில் நீங்கள் வெளியே அனுப்பும் யூனிற்றை உள்ளே எடுத்த யூனிற்றில் இருந்து யூனிற்றாகவே கழிக்கிறார்கள். பகல் 12 மணிக்கு அனுப்பிய ஒரு யூனிற், இரவு எட்டு மணிக்கு எடுத்த ஒரு யூனிற்றை அப்படியே அழிக்கிறது. அதைவிட நல்ல வியாபாரம் கிடைக்காது. மிச்சம் நிற்கும் யூனிற்றும் கீழ்ப் படிகளில்தான் விழும், அங்கே சலுகை விலை. நேரக் கட்டணம் உதவுவது ஆக மேல் படியில் நிறைய யூனிற் வைத்திருப்பவருக்கு. உங்களுக்கு அந்தப் படியே காலியாக இருக்கும்.

சோலாரும் இருக்கிறது, கழித்த பிறகும் மாதம் 300 யூனிற் மிஞ்சுகிறது என்றால் மட்டும் வந்து எண்களைப் போடுங்கள், பார்ப்போம்.

உவர்மலை வீடு

கடந்த டிசம்பர் பில் 31 நாளுக்கு 301, ஜனவரி 30 நாளுக்கு 288, பெப்ரவரி 29 நாளுக்கு 325. கார் வரும் வரைக்கும் படிமுறையிலேயே இருப்பதுதான் சரி போலத் தெரிகிறது. வோல்ற்றேஜ் ரிலேயும் நாலு முனை ரிப் சுவிட்சும் இப்பவே போடுகிறேன். ரிலே எத்தனை வோல்ற்றில் வெட்ட வைக்க வேண்டும்?

மீற்றர் பெட்டி

மேல் எல்லை 260, கீழ் எல்லை 180. திரும்பப் போட மூன்று நிமிடத் தாமதம் வையுங்கள், பிறிட்ஜ் கொம்பிரசருக்கு அது தேவை. ஒவ்வொரு பேஸையும் தனியாகப் பார்க்கும் மாதிரியாக வாங்குங்கள். மூன்றின் சராசரியைப் பார்க்கும் மலிவு ரகம் நியூற்றல் போகும் அன்று வேலை செய்யாது: ஒரு பேஸ் 320, இன்னொன்று 150 என்று நிற்கும்போது சராசரி 230 என்று அது சந்தோசமாக ஓடிக்கொண்டிருக்கும்.